ஓய்வதிகாரம்: வயர் கூடை பின்னுவோர்க்கு ஓர் இலக்கணம்

பாயிரம்

மருத்துவர்கள் நோயை வகுத்திருக்கிறார்கள், மருந்தை வகுத்திருக்கிறார்கள், ஊசியைக்கூடப் பருமன் வாரியாக வகுத்து ஆளுக்கொரு நிறம் கொடுத்திருக்கிறார்கள். ஓய்வை மட்டும் வகுக்கவில்லை. சீட்டின் கடைசி வரியில் ‘கைக்கு ரெஸ்ட், 6 வாரம்’ என்று கிறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். எந்த வேலையிலிருந்து ஓய்வு, அந்த வேலையை அதுவரை யார் பார்ப்பது, ஓய்விலிருக்கும் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதெல்லாம் சீட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவள் பாடு. இக்குறை தீர்க்கவே இந்நூல் எழுந்தது.

நூற்பெயர் ஓய்வதிகாரம். நுதலிய பொருள், வயர் கூடை பின்னிப் பின்னிக் கை போனவர்கள் பின்னாமல் இருக்கும் காலம். கேட்போர், அவர்களும் அவர்களைப் பின்னவிடாமல் காவல் காக்கும் வீட்டாரும். நாகர்கோவிலில் 1820-களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் வேரூன்றச் செய்த லேஸ் பின்னலுக்கும், நீலகிரித் தோடர்களின் பூத்தையலுக்கும், பூக்கட்டுக்கும், தறிக்கும் கைகள் வேறு, நோவுகளும் வேறு. அவற்றுக்கு அந்தந்தத் துறையார் தனிநூல் செய்துகொள்க. எல்லாக் கைக்கும் பொதுவாக ஒரே வரி எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு மேற்படி சீட்டே சான்று.

முன்னூல் உண்டோ எனின், ஒன்று உண்டு. இத்தாலியில் பெர்னார்தினோ ரமாசினி என்ற மருத்துவர் தொழில்செய்வோர் நோய்களைப் பற்றி 1700-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1713-இல் அதை விரித்தபோது எழுத்தர்களுக்கென ஓர் இயல் சேர்த்தார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, பிழை வந்துவிடக் கூடாதே என்று மனம் இறுகிக் கிடப்பது என எழுத்தர் நோவுக்கு மூன்று காரணம் சொன்னார். பேனாவை வாங்கிவிட்டு வயரைக் கையில் கொடுத்தால் மூன்றும் அப்படியே பொருந்தும். மூன்றாவது ஒரு படி மேலாகவே பொருந்தும். ஐந்தாம் சுற்றில் நழுவவிட்ட ஒரு முடிச்சு பதினைந்தாம் சுற்றில்தான் கண்ணில் படும். பிரித்தால் பத்துச் சுற்றையும் பிரிக்க வேண்டும். பிரிக்காவிட்டால் வருகிற விருந்தாளி எல்லாம் சரியாக அந்த இடத்தைத்தான் தடவிப் பார்ப்பார்கள்.

இடவியல்

நோவெனப் படுவது மூவிடத் ததுவே
பெருவிரல் அடியும் உள்ளங்கை வாயிலும்
விரல்மடி மூட்டும் எனவகுத் தனரே.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், நோவு நிற்கும் இடம் உணர்த்துதல் நுதலிற்று.

அதற்குமுன், கூடை பின்னியறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வயர் என்றால் கரண்ட் வயர் அன்று. கடையில் கட்டுக் கட்டாகத் தொங்கும் பிளாஸ்டிக் வயர். அதை அளந்து வெட்டி, மடித்து, அடிப்பாகம் போட்டு, நான்கு பக்கமும் திருப்பி, ரன்னிங் வயரைச் சுற்றிவிட்டு மேலே ஏறுவோம். சாதா முடிச்சு, நெல்லிக்காய், சிவன் கண், பிஸ்கட் என்று பெயர் பலவானாலும் கை செய்வது ஒன்றுதான். வளையம் போடு, நுழை, இடது கட்டைவிரலால் முடிச்சை அமுக்கு, வலது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வயர் நுனியைக் கவ்வி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து வெட்டி இழு. பிறகு மறு நுனியை இழு. தளர்ந்த முடிச்சு போட்ட கூடை முதல் பூசணிக்காயிலேயே தொய்ந்துவிடும் என்பதால் இழுப்பில் யாரும் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. சுற்றுக்கு 60 முடிச்சு, 20 சுற்று என்று வைத்துக்கொண்டால் சுவருக்கு மட்டும் 1200 முடிச்சு. முடிச்சுக்கு 2 இழுப்பாக 2400 இழுப்பு. கொலுவுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்கச் சின்னக் கூடையாக 11 வேண்டும் என்று அண்ணி போனில் சொன்னால், மீதிக் கணக்கை வாசகர் போட்டுக்கொள்க.

இனி முதலிடம், பெருவிரல் அடி. கட்டைவிரலைத் தூக்கவும் விரிக்கவும் உதவும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்து எலும்பு மேட்டைக் கடக்கும்போது ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன, பாவாடை மடிப்புக்குள் நாடா ஓடுவதுபோல. உறை தடித்துவிட்டால் நாடா சிக்கும். ஸ்விட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வெய்ன் 1895-இல் இதை விவரித்தார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற நான்கு விரலால் மூடிக்கொண்டு, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால், நோய் உள்ளவர்களுக்குச் சுரீர் என்று உச்சந்தலைவரை ஏறும். இதை ஃபிங்கெல்ஸ்டைன் சோதனை என்கிறார்கள். உண்மையில் இப்படி மடக்கிச் சாய்ப்பது 1927-இல் ஐக்காஃப் சொன்னது. 1930-இல் ஃபிங்கெல்ஸ்டைன் சொன்னதோ மருத்துவரே நோயாளியின் கட்டைவிரலைப் பிடித்து இழுக்கும் முறை. உரையாசிரியர்கள் பாடபேதத்துக்குச் சண்டை போடுவதைக் கேலி செய்பவர்கள் இதைக் கவனிக்க. ஐக்காஃப் முறை நோயற்ற கையையும் வலிக்கச் செய்யும் என்பதால், எங்கோ வாசித்துவிட்டு வீட்டில் எல்லோரும் வரிசையாகச் செய்துபார்த்து எல்லோருக்கும் நோய் என்று முடிவுகட்டுவது வேண்டாம்.

இரண்டாமிடம், உள்ளங்கை வாயில். மணிக்கட்டின் உட்புறம் எலும்பும் தசைநாரும் சேர்ந்து அமைத்த ஒரு குடைவுக்குள் ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. நாண்கள் வீங்கினால் அடிபடுவது நரம்பு. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி மரக்கும். சுண்டுவிரல் மட்டும் சம்பந்தமே இல்லாததுபோல் இருக்கும். நடுராத்திரியில் எழுந்து கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் இவ்வகையார்.

மூன்றாமிடம், விரல்மடி மூட்டு. இங்கே நோவாவது, மடக்கிய விரல் காலையில் மடங்கியபடியே நின்று, மறுகையால் நிமிர்த்தினால் ‘டக்’ என்று திறப்பது. சர்க்கரை உள்ளவர்களிடம் அதிகம் காண்பது. கூடைக்கு மட்டுமே உரியதன்று ஆகலின் விரியாமல் விடப்பட்டது.

ஓய்வியல்

ஓய்வெனப் படுவ தைவகைத் தாகும்
முற்றும் எச்சமும் இடமாற் றும்மே
வாயும் கண்ணும் எனமொழிந் தனரே.

முற்றோய்வாவது, பின்னலும் பின்னலைச் சார்ந்த யாவும் அறவே நின்றுவிடுவது. இதற்கு எடுத்துக்காட்டு தேடி எம் தெருவிலும் அடுத்த தெருவிலும் விசாரித்ததில் ஒருவர் அகப்பட்டார். கையில் மாவுக்கட்டு. கட்டைவிரலும் உள்ளே. அவர் விருப்பத்தின்பாற் பட்டதன்று ஆகலின் எடுத்துக்காட்டு ஆகாது.

எச்சவோய்வே உலகத்தில் பெருவழக்கு. வினை முடியாமல் எஞ்சி நிற்றலின் எச்சம் எனப்பட்டது. இது தன்னுள் பலவாய் விரியும். ‘பின்னலை, பார்க்கத்தான் எடுத்தேன்’ என்பது பார்வையெச்சம். ‘இந்தச் சுற்றை மட்டும் முடிச்சு வெச்சிடறேன், பாதியில நிக்குது’ என்பது சுற்றெச்சம். சுற்று என்பது வட்டமாகலின் எங்கே முடிந்தது என்று யாராலும் நிறுவ முடியாது என்பதே இதன் வலிமை. ‘கைப்பிடிதானே, அதுல முடிச்சே இல்லையே’ என்பது பிடியெச்சம். கைப்பிடி முறுக்குவதற்கு முடிச்சைவிட வலு அதிகம் வேண்டும் என்பது பின்னுகிறவர்களுக்குத் தெரியும், வீட்டாருக்குத் தெரியாது. ஆகவே இவ்வெச்சம் பிடிபடுவதில்லை. புதிதாக வயர் வாங்கிச் சேர்ப்பதும் எச்சவோய்வின்பாற் படுமோ எனின், படும். ஓய்வுக்காலத்தில் கட்டில் அடியில் குவியும் வயரின் நிறத்தேர்வைப் பார்த்தால், நோவு தீர்ந்ததும் என்ன பின்னப்படும் என்பதோடு அது இப்போதே மனதுக்குள் பின்னப்பட்டுவிட்டது என்பதும் விளங்கும். மயில்நீலமும் பொன்மஞ்சளும் சேர்ந்து கிடந்தால் அது சும்மா கிடப்பதில்லை.

மருத்துவர் கொடுத்த மணிக்கட்டு பெல்ட்டைப் போட்டுக்கொண்டே பின்னுவது எச்சத்துள் அடங்குமா, தனி வகையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட்டைப் போட்டால் இழுக்க வராது. ஆகவே கட்டைவிரலுக்கான பட்டியை மட்டும் தளர்த்திவிட்டு, மற்ற பட்டிகளை ஒழுங்காக ஒட்டிவைத்துக்கொள்வார்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் ‘சர்ர்’ என்று வெல்க்ரோ ஒட்டும் ஓசை எழும். அந்த ஓசையைக் கேட்ட மகள், “அம்மா, கைய காட்டு” என்பாள். பெல்ட் சரியாக இருக்கும். மடியில் வெட்டிய வயர்த் துணுக்கு மூன்று, நான்கு ஒட்டிக்கொண்டிருக்கும்.

இடமாற்றோய்வாவது, நோவுள்ள கையை விட்டு மறு கைக்கோ, நோவு தந்த தொழிலை விட்டு மறு தொழிலுக்கோ போவது. ரமாசினி காட்டிய எழுத்தர் ஒருவர் வலக்கை விழுந்ததும் இடக்கையால் எழுதப் பழகினார். சிறிது காலத்தில் இடக்கைக்கும் அதே நோய் வந்தது. முந்நூறு ஆண்டுக்கு முந்தைய இச்செய்தி எம் பகுதிக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஜெர்மானிய இசைஞர் ராபர்ட் ஷூமன் வலக்கை விரல் ஒத்துழைக்க மறுத்ததால் 1830-களின் தொடக்கத்தில் பியானோ வித்வான் ஆகும் எண்ணத்தைக் கைவிட்டு இசையமைப்பில் இறங்கினார். இதைச் சிலர் முற்றோய்வு என்பர். அது பொருந்தாது, தொழில் மாறியதேயன்றிக் கை மேசையை விட்டு எழவில்லை. அமெரிக்கப் பியானோக் கலைஞர் லியோன் ஃபிளைஷருக்கு 1960-களின் நடுவில் வலக்கை விரல்கள் தாமே சுருண்டுகொண்டன. அது உறை தடித்த நோயன்று, நரம்பின் கட்டளை குழம்பிய வேறொரு நோய். அவர் இடக்கைக்கென்று எழுதப்பட்ட இசையை வாசித்தார், மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார், இசைக்குழுவை நடத்தினார். ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்து இரு கையாலும் வாசிக்கத் திரும்பினார். இப்பெரியோர்களை முன்னிறுத்தி, கூடையை விட்டுக் குரோஷா ஊசிக்குப் போனேன், பூ கட்டப் போனேன், பாசிமணி கோக்கப் போனேன் என்பவர்கள் அறிய வேண்டியது: கட்டைவிரல் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். செல்போனைத் தள்ளிக்கொண்டே இருப்பதும் அதே விரல்தான்.

வாயோய்வு, கை ஓய்ந்திருக்க வாயால் பின்னுவது. பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்காரவைத்து, “நுழைச்சியா, இப்ப கீழ வயர இழு, அது இல்லம்மா, அதுக்கு அடுத்தது” என்று சொல்லிக்கொடுப்பது. சிறந்த ஓய்வு என்று பலரும் பரிந்துரைப்பது. ஆனால் மனித சுபாவம் பற்றிச் சிறிதேனும் அறிந்தவர்களுக்கு இதன் முடிவு தெரியும். மூன்றாம் முடிச்சு தளர்ந்திருக்கும். “இறுக்கு” என்று சொல்லப்படும். “இன்னும் இறுக்கு.” அந்தப் பெண் “இதுக்கு மேல வரலை அக்கா” என்பாள். “குடு இப்படி.” இந்த ‘குடு இப்படி’ என்ற இரண்டு வார்த்தையில் ஆறு வார ஓய்வும் போயிற்று. எனவே வாயோய்வைச் சொல்லிக்கொடுப்பவர் எட்டாத தூரத்தில், முடிந்தால் அறையின் மறு மூலையில் உட்கார்ந்து மேற்கொள்க.

கண்ணோய்வு, பிறர் பின்னுவதை வீடியோவில் பார்த்திருப்பது. தீங்கில்லை. தூக்கம் கெடும்.

விலக்கியல்

விலக்குங் காலை விரும்பிய தொன்றே
விலக்கப் படூஉம், ஏனைய விலகா.

இந்நூலின் உயிர்ச்சூத்திரம் இதுவே. மற்றவற்றை மறந்தாலும் இதை மறவற்க.

மருத்துவர் கேட்பார்: “கையால என்ன வேலை செய்வீங்க?” “கூடை பின்னுவேன் டாக்டர்.” “அதான். அத நிறுத்துங்க.” இவ்வளவோடு விசாரணை முடிந்தது. கூடையை ஒப்புக்கொண்டது ஏனெனில், அது ஒன்றுதான் வேலை என்று சொல்லும்படி இருந்தது. தேங்காய் துருவுவது, பெட்ஷீட் பிழிவது, இடியாப்ப நாழியை இரு கையாலும் அமுக்கித் திருகுவது, மாவுக் குண்டானை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு கையால் தூக்குவது, பேரனை அக்குளில் இரண்டு கட்டைவிரலையும் விரித்துக் கொடுத்துத் தூக்குவது ஆகியவை வேலை என்று யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

டி குவெர்வெய்ன் பெயர் சூடுவதற்கு இரண்டு ஆண்டு முன்னரே, 1893-இல் வந்த கிரேயின் உடற்கூறியல் நூற்பதிப்பு இந்நோவைச் சலவைக்காரப் பெண்களின் சுளுக்கு என்று சுட்டிவிட்டது. துணி பிழியும் கையில் வரும் நோய் இது என்று மருத்துவ உலகுக்கு அன்றே தெரியும். பிள்ளை பெற்ற பெண்களுக்குக் குழந்தையைத் தூக்கித் தூக்கி இது வருவதும் இன்று ஊரறிந்தது. இருந்தும் ஓய்வு என்ற பேச்சு வந்தால் பிழிவதை நிறுத்து என்று சொன்னவரில்லை, கூடையை நிறுத்து என்றே சொல்கிறார்கள். காரணம் வெளிப்படை. கூடை நின்றால் பின்னுகிறவளுக்கு மட்டுந்தான் நஷ்டம். சட்னி நின்றால் ஐந்து பேருக்கு.

ஆகவே ஓய்வுக்காலத்தின் நடப்பு இப்படி அமையும். காலையில் தேங்காய், கை நோகும். பதினோரு மணிக்குத் துவைத்த துணி, நோகும். மதியம் இரண்டரைக்கு, முன்பெல்லாம் வயரை எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்காரும் நேரத்தில், கட்டில் ஓரமாகச் சும்மா உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் கை நோவதில்லை. “பாத்தியா, கூடைய விட்டதும் எப்படி இருக்கு!” என்று வீட்டுக்காரர் சொல்லுவார். சாயங்காலம் மாவரைத்து வழிக்கும்போது மறுபடி நோகும். ‘ராத்திரி யாருக்கும் தெரியாம பின்னியிருப்பா’ என்ற சந்தேகம் வீட்டில் எழும். நோவின் காரணம் அறிய விரும்புகிறவர்கள் கூடையையும் தேங்காயையும் ஒரே வாரத்தில் நிறுத்திப் பார்க்கலாமே எனின், அத்தகைய ஆராய்ச்சிக்கு இதுவரை எந்த வீட்டிலும் அனுமதி கிடைத்ததாகத் தெரியவில்லை.

ஓய்வெடுப்போர் எல்லோரும் ஒரே தரத்தினரும் அல்லர். பொழுதுபோகாமல் பின்னுகிறவர்களுக்கு ஓய்வு என்பது மனத்தாங்கல். கூடைக்கு இவ்வளவு என்று கூலிக்குப் பின்னிக்கொடுக்கிறவர்களுக்கு அது குழந்தையின் டியூஷன் பணம். பிரிட்டனில் தந்தி அடித்தே கை இழுத்துக்கொண்டவர்களின் நோயை 1908-இல் இழப்பீடு தரத்தக்க தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். தந்திக்காரருக்கு முதலாளி இருந்தார், அலுவலகம் இருந்தது, எழுதிக்கொடுக்க ஓர் இடம் இருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து பின்னுகிறவர் யாரிடம் எழுதிக்கொடுப்பது? இவர்களை மேற்சொன்ன ஐவகையுள் எதிலும் அடக்க இயலாது. அவர்கள் ஓய்வதில்லை, கூடையின் அளவைச் சிறிதாக்கிக்கொள்கிறார்கள். இந்த இடத்தில் நகைச்சுவைக்கு இந்நூலில் இடமில்லை என்பதால் அடுத்த இயலுக்குப் போகிறோம்.

மீட்சியியல்

மீளுங் காலை மெல்ல மீள்க;
சுற்றொன் றமையும், சுற்றிரண் டாகா.

ஒத்தடம், பெல்ட், மாத்திரை, தேவைப்பட்டால் உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி, எதற்கும் மசியாவிட்டால் உறையைச் சிறிதாகக் கீறி விடுவித்தல் என்ற வரிசை மருத்துவர் வசம். கூடைக்காரர் வசம் உள்ளவை வேறு. வயர் நுனியை விரலால் கவ்வாமல் சின்னக் குறட்டால் பிடித்து இழுக்கலாம். கட்டைவிரல் தப்பும், குறட்டை அமுக்கும் உள்ளங்கை மாட்டும் என்பதால் அதையும் மாறி மாறிச் செய்க. மடியில் வைத்துக் குனிந்து பின்னாமல் கூடையை மேசைமேல் உயர்த்தி வைத்துக்கொண்டால் மணிக்கட்டு நேராக நிற்கும். கடிகாரத்தில் அலாரம் வைத்துக்கொண்டு, அடித்ததும் முடிச்சின் நடுவிலேயே நிறுத்திவிடுவது மிகச் சிறந்த முறை. அலாரத்தை அணைத்துவிட்டு அந்த முடிச்சை முடிப்பது எச்சவோய்வின்பாற் படும்; மேலே காண்க.

இறுக்கம் பற்றி ஒரு மாற்றுக் கருத்தையும் இங்கே பதிவுசெய்கிறோம். கூடை தாங்க வேண்டியது காய்கறியை, யானையை அன்று. எம் தலைமுறை இழுத்த இழுப்பில் பாதி, மாமியார் தடவிப் பார்த்து ‘லூசா இருக்கே’ என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இழுத்தது. மாமியார்கள் இப்போது பெரும்பாலும் தடவிப் பார்ப்பதில்லை. இழுப்பையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

புறனடை

ஈண்டுச் சொல்லா தொழிந்தன உளவேல்
பின்னுவோர் வாய்க்கேட் டறிந்தனர் கொளலே.

சொல்லாதொழிந்தவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்லி முடிக்கிறோம். அது பாதியில் நின்ற கூடையின் நிலை. அடிப்பாகம் முடிந்து, ஏழு சுற்று ஏறி, நான்கு பக்கமும் வயர் தலைவிரித்துத் தொங்கும் பொருள் கூடையா, வயரா? கண்ணெதிரே ஆணியில் மாட்டினால் கை அரிக்கும், பரணில் போடுக என்பர் ஒரு சாரார். பரணில் போட்டால் எலி கடிக்கும், அன்றியும் பரணிலிருந்து இறக்கக் கையைத் தூக்க வேண்டும் என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் தீருமுன்னே எம் வீட்டில் மூன்றாவது கொள்கையினர் புகுந்து, அதில் சின்ன வெங்காயம் கொட்டிவைத்துவிட்டனர். பொருள் போட்டு வைக்க இடம் கொடுத்தால் அது கூடை என்பது அவர்கள் கொள்கை. வாய் மடித்துக் கைப்பிடி ஏறாதது கூடை ஆகாது, ஆகவே அதில் வெங்காயம் போடுவது வழு என்பது எம் கொள்கை. எடுக்கச் சொல்லியாயிற்று. ‘கை சரியாகட்டும், நீயே எடு’ என்கிறார்கள்.